கடல் நடுவே யூதப் பண்டிகை: கப்பல் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஏழு இரவுக் கப்பல் பயணத்தில் எந்தக் கிழமை ஏறினாலும் ஒரு வெள்ளி மாலை வந்தே தீரும். யூதர்களுக்கு அந்த மாலையில் ஷபாத் என்ற வாராந்தர ஓய்வு நாள் தொடங்குகிறது. அதோடு புளித்த உணவை விலக்கும் பெசாக்கோ, பந்தலில் தங்கும் சுக்கோத்தோ சேர்ந்துகொண்டால், ஏற்பாடுகளைக் கப்பலில் ஏறியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. முக்கால்வாசி வேலை கரையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கரீபியன் கடலில் ஓடும் பயணக் கப்பல்களின் உணவுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் பரிமாறியவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பெசாக் இரவு. ஒரு குடும்பம் மேசையில் வைத்திருந்த திராட்சை மது பாட்டிலைத் திறந்து ஊற்றலாம் என்று கை நீட்டினேன். குடும்பத்தின் பெரியவர் சட்டென்று பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று முகம் வாடிப் போனது. சாப்பாடு முடிந்ததும் அவரே கூப்பிட்டு விளக்கினார்: யூத உணவு விதிப்படியான ‘கோஷர்’ மதுவில் காய்ச்சாத வகையை யூதர் அல்லாதவர் ஊற்றினால் அதை அவர்கள் குடிக்கக்கூடாது; ‘மெவுஷால்’ என்று அச்சிட்ட, காய்ச்சிய வகையை யார் ஊற்றினாலும் பாதகமில்லை. ஒரே ஒரு சொல்லை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இருவருக்குமே சங்கடம் இல்லை. அன்றிலிருந்து நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான் இங்கே எழுதுபவை. யூத நண்பரோடு பயணம் போகிறவர்கள், அந்தக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டவர்கள், கப்பல் வேலையில் சேரும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பயன்படும்.

நாட்காட்டியும் புறப்படும் கிழமையும்

யூத நாள் சூரியன் மறையும்போது பிறந்து, மறுநாள் நன்றாக இருட்டியபின் முடிகிறது. மாதம் பிறைக் கணக்கு. பருவம் தவறாமல் இருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதனால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் நகரும். 2026-ல் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா தொடங்குவது செப்டம்பர் 11 வெள்ளி மாலை, உபவாச நாளான யோம் கிப்பூர் 20 ஞாயிறு மாலை, சுக்கோத் 25 வெள்ளி மாலை, விளக்குப் பண்டிகையான ஹனுக்கா டிசம்பர் 4 வெள்ளி மாலை. 2027-ல் பெசாக் ஏப்ரல் 21 புதன் மாலை. பொது நாட்காட்டிகளில் பெரும்பாலும் மறுநாள் தேதியைத்தான் போடுவார்கள். அதை நம்பிப் பயணச்சீட்டு எடுத்து, பண்டிகை பிறக்கும் மாலையில் ஏறும் வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஷபாத்துக்கு முந்தைய மூன்று நாட்களில் கப்பல் ஏறக்கூடாது என்று பழைய யூதச் சட்ட நூலான தால்முதிலேயே இருக்கிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்றால் தாராளமாக ஏறலாம். பயணிகளில் பெரும்பாலோர் யூதர் அல்லாதவராக இருந்து, கப்பல் அவர்களுக்காகவே ஓடினால் சலுகை உண்டு என்று பின்வந்தவர்களில் பலர் சொல்கிறார்கள். ஆனாலும் ஞாயிறு புறப்பட்டு அடுத்த ஞாயிறு திரும்பும் பயணம்தான் நிம்மதி என்பேன். சனிக்கிழமை புறப்படும் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும் இரண்டுமே ஷபாத்தில் விழும். கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

சீட்டு எடுக்கும் முன் தங்கள் மதகுருவான ரபியிடம் பேசிவிட வேண்டும். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம் என்று மரபுக்கு மரபு வழக்கம் மாறும். இஸ்ரேலில் வசிப்பவர்கள் பெசாக், சுக்கோத் போன்ற பண்டிகைகளின் முதல் நாளையும் கடைசி நாளையும் ஒரு நாளாகவே கொண்டாட, வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் இரண்டிரண்டு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அண்ணன் டெல் அவீவ், தம்பி நியூயார்க் என்றால் ஒரே மேசையில் இரண்டு கணக்கு ஓடும்.

சாப்பாடு: கேட்டு வாங்க வேண்டியதும் கையில் கொண்டுபோக வேண்டியதும்

பெரிய கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் கோஷர் சாப்பாட்டை முன்பதிவின் பேரில் ஏற்பாடு செய்கின்றன. அது கப்பலில் சமைப்பது கிடையாது. கரையில் கோஷர் சமையலறை ஒன்றில் சமைத்து, உறையவைத்து, இரண்டு அடுக்கு உறையில் முத்திரையிட்டு அனுப்பும் தட்டு. இரண்டு உறையும் கிழியாமல் இருந்தால் கப்பலின் சாதாரண அடுப்பிலேயே சூடாக்கலாம். சாப்பிடுகிறவர் முன்னால்தான் உறை பிரிய வேண்டும். அதை அவரே பிரிப்பது உத்தமம். சமையலறையில் யாராவது ஆசையாக, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதைப் பீங்கான் தட்டுக்கு மாற்றி, மேலே ஒரு கொத்தமல்லித் தழையும் வைத்துக் கொண்டுவருவார். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் அந்த நொடியிலேயே அது கோஷர் இல்லாமல் போய்விட்டது. ஏறிய முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரைச் சந்தித்து, “உறையோடு கொண்டுவாருங்கள், காகிதத் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும் போதும்” என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை இதைவிடப் பயனுள்ள ஐந்து நிமிடம் வேறில்லை.

பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். புறப்படச் சில வாரங்கள் இருக்கும்போது மறுபடி எழுதி, எத்தனை வேளை, எத்தனை பேர் என்று உறுதி செய்யுங்கள். பதில் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வையுங்கள். வீட்டில் சமைத்ததைப் பொதுவாக ஏற்றவிட மாட்டார்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரியாத பிஸ்கட், டின் மீன், கொட்டை வகைகள் போகும். வெட்டாத முழுப் பழம், டின்னில் அடைத்த பானம், காகிதக் கோப்பையில் கறுப்புக் காபி இவற்றைப் பெரும்பாலானவர்கள் கப்பலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். மது பாட்டிலுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு உண்டு. அது இடித்தால் திராட்சைச் சாறு போதும்.

ஷபாத்தில் தனக்காகவே ஒருவரைச் சூடாக்கித் தரச் சொல்வது கூடாது. வெள்ளி மதியமே இரண்டு வேளைக்கான குளிர்ந்த சாப்பாட்டை வாங்கி அறையில் வைத்துவிட வேண்டும். அறைக் குளிர்பெட்டியைத் திறந்தால் விளக்கு எரிகிறதா என்றும் அப்போதே பாருங்கள். எரிந்தால் அதன் பொத்தானை டேப் போட்டு அழுத்தி ஒட்டிவிடலாம்.

கோஷர் என்பது ஒரு கப்பலையே உலுக்கிய கதையும் உண்டு. இஸ்ரேலின் ஸிம் நிறுவனம் 1964-ல் ‘ஷாலோம்’ என்ற சொகுசுக் கப்பலை ஓட்டத் தொடங்கியபோது, கோஷர் ஒன்று, கோஷர் அல்லாதது ஒன்று என இரண்டு சமையலறை வைக்கத் திட்டமிட்டது. தலைமை ரபிகள் கடுமையாக எதிர்க்க, கடைசியில் கோஷர் சமையலறை மட்டும்தான் நின்றது.

அறைக் கதவு, விளக்கு, மெழுகுவத்தி

ஷபாத்திலும் பண்டிகை நாளிலும் மின்சாரப் பொருளை இயக்கக்கூடாது என்பது ஆர்த்தடாக்ஸ் வழக்கம். இன்றைய கப்பல் அறையோ முழுக்க முழுக்க மின்சாரம்தான்: கதவுக்கு அட்டை, அட்டையைச் செருகினால் விளக்கு, கழிவறையில் ஆள் நடமாட்டத்தை உணரும் கருவி. வரவேற்பு மேசையில் கேட்டால் சில கப்பல்களில் சாவி தருவார்கள். இல்லாவிட்டால் அந்தத் தளத்தின் அறைப் பணியாளரே வந்து திறந்துவிடும்படி ஏற்பாடு செய்யலாம். வெள்ளி மாலைக்குள் குளியலறை விளக்கைப் போட்டுக் கதவைச் சற்றே சாத்திவிட்டால் இரவு முழுக்க வெளிச்சம் இருக்கும். மின்தூக்கி ஆகாது, படிதான். ஆகவே பதிவு செய்யும்போதே உணவுக்கூடத்துக்கும் திறந்தவெளித் தளத்துக்கும் நடுவே உள்ள தளத்தில் அறை கேளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தீபம்தான் மனதுக்கு மிகவும் சங்கடமான இடம். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது வீட்டுப் பெண் ஷபாத் மெழுகுவத்தி ஏற்றுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். கப்பலிலோ அறைக்குள் தீ கூடவே கூடாது. நடுக்கடலில் தீயைப் போல அபாயம் வேறில்லை என்பது கப்பலில் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் பயிற்சியிலேயே ஊறியது; ஒளித்துவைத்து ஏற்ற நினைக்காதீர்கள். இழை சூடாகி எரியும் பழைய வகை பல்பு உள்ள கைவிளக்கைப் பல ரபிகள் ஷபாத் தீபமாக ஏற்கிறார்கள். எல்இடி பற்றிக் கருத்து பிரிகிறது. சில கப்பல்களில் பணியாளர் பார்வையில் பொது இடம் ஒன்றில் மெழுகுவத்தி ஏற்ற அனுமதிப்பதும் உண்டு.

கப்பல் கடிகாரத்தை நம்பாதீர்கள்

கப்பலின் நேரம் நிர்வாக வசதிக்காக வைப்பது. பண்டிகைக்குக் கணக்கு நீங்கள் மிதக்கும் இடத்தில் சூரியன் மறையும் நேரம்தான். கப்பல் நகர்வதால் அந்த நேரமும் நகரும். மணிக்கு 20 நாட் வேகம் என்றால் ஏறத்தாழ 37 கிலோமீட்டர்; ஒரு முழு நாளில் 890 கிலோமீட்டர். கரீபியனுக்கு வடக்கே 25 பாகை அகலாங்கில் நேர் மேற்காக அவ்வளவு தூரம் போனால், சூரியன் மறைவது 35 நிமிடம் தள்ளிப்போகும். யோம் கிப்பூர் 25 மணி நேர உபவாசம், தண்ணீரும் கிடையாது. மேற்கே போகும் கப்பலில் அது இன்னும் அரை மணிக்கு மேல் நீளும்; கிழக்கே போனால் அதே அளவு குறையும்.

தினசரி நிகழ்ச்சித் தாளில் பெரும்பாலும் சூரிய உதயமும் மறைவும் அச்சிட்டிருக்கும். பண்டிகைக்கு முந்தைய நாள் வரவேற்பு மேசையில் சொல்லி, கப்பலின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மறுநாள் மாலைக்கான நேரத்தை வாங்கச் சொல்லுங்கள். மாலுமிகளுக்கு அது ஒரு நிமிட வேலை. கோடையில் அலாஸ்காவுக்கோ நார்வேயின் வடமுனைக்கோ போனால் சூரியன் நள்ளிரவை ஒட்டி மறையும், அல்லது மறையவே மறையாது. மே, ஜூனில் வரும் ஷவுவோத் பண்டிகைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் ரபி எழுதித் தந்த நேரப் பட்டியல் இல்லாமல் போகக்கூடாது.

பசிபிக்கைக் கடந்தால் நாளே மாறிவிடும். 1941-ல் நாஜிகளிடமிருந்து தப்பி ஜப்பானின் கோபே நகரில் இருந்த யூத அகதிகள், யோம் கிப்பூரை எந்த நாளில் நோற்பது என்று தெரியாமல் திகைத்தார்கள். அங்கே நாட்காட்டி காட்டியது புதன்கிழமை. ‘ஹசோன் இஷ்’ என்று அழைக்கப்பட்ட பேரறிஞர், புதனன்று சாப்பிடுங்கள், வியாழனன்று நோன்பிருங்கள் என்று தந்தியில் பதில் சொன்னார். தேதிக்கோடு எங்கே ஓடுகிறது என்பதில் ஹலாக்கா என்ற யூதச் சட்டத்தின் அறிஞர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

பெசாக்: அதிக முன்னேற்பாடு கேட்கும் பண்டிகை

சாதாரண கோஷர் தட்டு பெசாக்குக்கு ஆகாது. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் இந்த எட்டு நாளும் (இஸ்ரேல் கணக்கில் ஏழு நாள்) விலக்கு. கோஷர் தட்டிலேயே பாஸ்தாவும் ரொட்டியும் இருக்கும். ‘பெசாக்குக்கு உரிய கோஷர்’ என்று தனியாக எழுதிக் கேட்டு, வந்து சேர்ந்த தட்டின் முத்திரையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் பாருங்கள். ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசி யூதர்களின் வழக்கத்தில் அரிசி, பருப்பு, கொண்டைக்கடலையும் சேராது. ஸ்பெயின் வழி வந்த செபார்டிகளில் பலர் அரிசி சாப்பிடுவார்கள். “அரிசியில் கோதுமை இல்லையே” என்று வாதாடி ஒரு கிண்ணம் சோற்றை யாரிடமும் நீட்டாதீர்கள்.

உணவுக்கூடம் நிறைய ரொட்டி அடுக்கியிருந்தாலும் அது அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதால் தோஷமில்லை. அறையில் வைக்கும் பிஸ்கட், தலையணை மேல் வைக்கும் இனிப்பு இவற்றை முதல் நாளே எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்த புளித்த பொருட்களை ரபி மூலம் விற்பது வழக்கம். பயணம் வீட்டுக்குக் கிழக்கே என்றால் உங்களுக்குப் பெசாக் முன்னதாகவே தொடங்கும். விற்பனையும் அதற்கு முன் முடியும்படி ரபியிடம் சொல்லி வையுங்கள்.

பெசாக்கின் சடங்கு விருந்தான செதர் இரவுக்குச் சில நிறுவனங்கள் ரபியை வரவழைத்துப் பொது மேசை போடுகின்றன. அங்கே பரிமாறும் சாப்பாடு பெசாக் கோஷர்தானா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். செதர் நடக்கிறது என்பது மட்டும் அதற்கு உத்தரவாதம் ஆகாது. தனியாக நடத்துகிறவர்கள் புளிக்காத மட்சா அப்பத்தைக் கெட்டியான அட்டைப் பெட்டியில் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். பெரிய பெட்டியில் போட்டால் நொறுங்கிவிடும், செதருக்கு முழு மட்சா வேண்டும். ஆளுக்கு நான்கு கோப்பை மது, வெளிநாட்டுக் கணக்கில் இரண்டு இரவு, ஆக எட்டு. கசப்புக்கு ரொமைன் கீரை கப்பல் சமையலறையில் இருக்கும். முழுத் தண்டாக, நறுக்காமல் வாங்கி, பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாக நீங்களே பார்த்துக் கழுவுங்கள். மற்றவற்றுக்குச் செதர் தட்டுப் பொருட்களை மொத்தமாக அடைத்து விற்கும் பெட்டி கடையில் கிடைக்கிறது. செதர் இரவுக்கான நூலான ஹகதாவைப் படித்துப் பாடி முடிக்க நள்ளிரவாகும். ஆகவே ஓரமான மேசை, இரண்டாம் பந்தி என்று கேளுங்கள். பரிமாறுகிறவருக்கும் அவசரம் இருக்காது.

சுக்கோத்: தளத்தின் மேல் ஒரு பந்தல்

கப்பலின் மேல்தளத்தில் போட்ட பந்தலும் செல்லும் என்று தால்முதின் அடிப்படை நூலான மிஷ்னாவே சொல்கிறது. சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் ரப்பான் கமாலியேல், ரபி அகிவா என்ற இரண்டு அறிஞர்கள் ஒரே கப்பலில் போனார்கள். அகிவா மேல்தளத்தில் சுக்கா என்ற அந்தப் பந்தலைக் கட்டினார். மறுநாள் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. “அகிவா, உன் சுக்கா எங்கே?” என்று கமாலியேல் கேட்டதாகத் தால்முத் பதிவு செய்திருக்கிறது. கரையில் வீசும் சாதாரணக் காற்றைத் தாங்கினால் போதும் என்பது அகிவாவின் கட்சி.

இன்றைய கப்பலில் நீங்களாக எதையும் கட்ட விடமாட்டார்கள். யூதக் குழுக்களுக்காகவே ஏற்பாடு செய்யும் கோஷர் பயணங்களில் சுக்காவும் போட்டுத் தருகிறார்களா என்று விசாரிக்கலாம். தனியாகப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, வழியில் இருக்கும் பயணிக்குச் சுக்காவிலிருந்து விலக்கு உண்டு என்ற விதி. உல்லாசப் பயணத்துக்கும் அது பொருந்துமா என்பதில் ரபிகள் வேறுபடுகிறார்கள். பொருந்தாது என்று உங்கள் ரபி சொன்னால், அந்த வாரம் பயணமே வேண்டாம்.

சுக்கோத்தில் கையில் எடுக்கும் லூலாவ் கட்டு எளிது. பேரீச்சங்குருத்து, மிர்ட்டில், வில்லோ கொம்புகள், நம் நார்த்தங்காய்க்கு உறவான எத்ரோக் என நான்கு. ஈரத்துணி சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இலை வாடாது. எத்ரோக்கைப் பஞ்சு வைத்த அதன் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து உருளவிடாதீர்கள், காம்பு ஒடிந்தால் பயனற்றுப் போகலாம். துறைமுகத்தில் இறங்கும்போது தாவரப் பொருள் என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட வேண்டும். கமாலியேலும் மூன்று துணைவர்களும் போன இன்னொரு பயணத்தில் ஒரே ஒரு லூலாவ்தான் இருந்தது, ஆயிரம் ஸூஸ் நாணயம் கொடுத்து அவர் வாங்கியது. தன் கடமையை முடித்ததும் அதை அடுத்தவருக்குத் தானமாகவே கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. இரவல் லூலாவ் முதல் நாளில் செல்லாது, தானம் செல்லும். கப்பலில் நான்கு குடும்பத்துக்கு ஒரு கட்டு என்றால் இந்த வழியையே பின்பற்றலாம். 2026-ல் முதல் நாள் சனிக்கிழமை. அன்று லூலாவை எடுப்பதில்லை, ஞாயிறுதான்.

ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், ஹனுக்கா

ரோஷ் ஹஷானாவில் ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். அந்தச் சத்தம் அறைச்சுவர்களைத் தாண்டும். வரவேற்பு மேசையில் ஒரு மூடிய கூடம் கேட்டு வாங்குங்கள். 2026-ல் முதல் நாள் ஷபாத் என்பதால் அன்றும் ஊதுவதில்லை. பாவங்களை நீர்நிலையில் விடும் தஷ்லீக் சடங்குக்கு ஊரில் ஆறு தேடிப் போவார்கள். பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிவீர் என்ற மீகா தீர்க்கதரிசியின் வாசகம் அதில் வரும். கப்பல் பயணிக்குக் கடல் கைப்பிடிக்குக் கீழேயே இருக்கிறது. நின்று சொன்னால் போதும். ரொட்டித் துண்டு வீசுவது சிலரின் வழக்கம். கப்பலிலிருந்து எதையும் கடலில் போடக்கூடாது, ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

யோம் கிப்பூருக்குத் தோல் செருப்பு ஆகாது. துணி அல்லது ரப்பர் செருப்பை முன்பே எடுத்து வையுங்கள். உபவாசத்துக்கு முந்தைய சாப்பாடு சூரியன் மறையும் முன் முடிய வேண்டும், கப்பலின் முதல் பந்தி அதற்கு எட்டாமல் போகலாம். அன்று முழுக்க அறையில் அடைந்து கிடப்பதைவிட, கப்பலின் நடுப்பகுதியில், ஆட்டம் குறைவான இடத்தில் உட்காருங்கள். வெறும் வயிற்றில் கடல் ஆட்டம் கொடுமை. மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடமும் ரபியிடமும் கேட்டுத்தான் நோன்பிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் எல்லாச் சட்டமும் விலகி நிற்கும்.

ஹனுக்காவுக்குப் பல கப்பல்கள் பொதுக்கூடத்தில் மின் விளக்குத்தண்டு வைக்கின்றன. அதற்கு ஆசி சொல்லலாமா என்பதில் கருத்து பிரிவதால், வீட்டில் இருக்கும் மனைவியோ கணவரோ ஏற்றும் விளக்கே பயணிக்கும் கணக்காகும் என்ற விதி பலருக்கு நிம்மதி தருகிறது.

பத்துப் பேரைச் சேர்ப்பதும் கரை இறங்குவதும்

கூட்டுத் தொழுகைக்கு மினியான் வேண்டும், அதாவது பத்துப் பேர். ஆர்த்தடாக்ஸ் கணக்கில் ஆண்கள் மட்டும். வெள்ளி மாலைத் தொழுகைக்கு இடமும் நேரமும் ஒதுக்கி நிகழ்ச்சித் தாளில் போடும் கப்பல்கள் பல. போட்டிருக்காவிட்டால் முதல் நாளே கேளுங்கள்; தாள் முந்தைய இரவே அச்சாகிவிடும்.

பண்டிகை நாளில் கப்பல் துறைமுகத்தில் நின்றால் இறங்கலாமா? ஷபாத்தில் இருந்த இடத்திலிருந்து 2000 முழம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், அதுதான் எல்லை. கமாலியேலின் கப்பல் ஒருமுறை இருட்டியபின்தான் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அவரோ குழாய் போன்ற கருவி ஒன்றால் தூரத்தை அளந்துகொண்டே வந்திருந்தார். பொழுது சாயும் முன்பே எல்லைக்குள் வந்துவிட்டோம், இறங்கலாம் என்றார். யூதர் அல்லாத ஒருவர் தான் இறங்கப் போட்ட பலகை வழியே அவர் இறங்கிய நிகழ்ச்சியும் மிஷ்னாவில் இருக்கிறது. வேறொரு பயணத்தில் கமாலியேல் கப்பல் முழுக்க நடமாட, அகிவாவும் ரபி யெஹோஷுவாவும் நான்கு முழத்தைத் தாண்டாமல் நின்றார்கள். இன்றைக்கு இறங்கும் வாயிலில் அட்டையைக் கருவியில் காட்ட வேண்டும், வெளியே அட்டையைச் சுமக்கவும் வேண்டும். அன்று கப்பலிலேயே இருப்பதுதான் எளிது.

சாதாரண நாளில் இறங்கினால் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. செயின்ட் தாமஸ் தீவின் சார்லட் அமாலியில் 1833-ல் கட்டிய யூத ஜெப ஆலயமும், குரசாவோவின் வில்லம்ஸ்டாடில் 1732-ல் கட்டியதும் தரையில் மணல் பரப்பியவை. உள்ளே நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. கொச்சியில் கப்பல் நின்றால் மட்டாஞ்சேரியின் 1568-ஆம் ஆண்டுப் பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் 1000-ஆம் ஆண்டில் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த, வட்டெழுத்தில் பொறித்த செப்பேடுகளை அந்தச் சமூகம் தலைமுறைகளாகப் பாதுகாத்தது.

ஷபாத்தை வழியனுப்புதல்

சனிக்கிழமை இருட்டியதும் மூன்று நட்சத்திரம் தெரிய வேண்டும். கப்பல் விளக்குகளின் வெளிச்சத்தில் அது எளிதில் தெரியாது. விளக்கு குறைந்த முன்பக்கத் தளத்துக்குப் படியேறிப் போங்கள். ஷபாத்தை முடிக்கும் ஹவ்தலா சடங்குக்கு மது, வாசனைப் பொருள், பின்னிய மெழுகுவத்தி மூன்றும் வேண்டும். மெழுகுவத்திக்குப் பதில் இழை பல்பைப் பலர் ஏற்கிறார்கள்; அதுவும் இல்லையென்றால் அந்த ஆசியை மட்டும் விட்டுவிடலாம். யோம் கிப்பூர் அல்லாத பண்டிகை வேறு கிழமையில் முடிந்தால் மது மட்டும் போதும். வாசனைக்குக் கிராம்பு நல்லது. வெள்ளி மதியம் குளிர்ந்த சாப்பாட்டை வாங்கும்போதே பரிமாறுகிறவரிடம் ஒரு கை கிராம்பு கேட்டு, காகிதத்தில் மடித்து அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.